பிறப்பாக்கி ஒன்று, மூலங்கள் மூன்று: என் 41 சரியா?

வட்டக்கச்சித் தம்பி
வெள்ளி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். பம்பைமடுவில் இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கிறேன். (யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்தது, 2021 இல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. ஆனால் பேருந்து நடத்துநருக்கு இன்றைக்கும் அது ‘வளாகம்’தான்.) விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். சிறுபோகம் என்பதால் பகல் முழுக்க வயல், இரவில்தான் கொப்பியைத் திறக்கிறேன்.

வகுப்பில் இப்படி ஒன்று செய்தோம். விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்ட அலுப்பு, எனவே மூலங்களை அ, ஆ, இ என்றே எழுதுகிறேன்.

அ³ − 3அ + 1 = 0

இதன் மூலங்கள் 1.532, 0.347, −1.879. அ என்பது ஒரு மூலம் என்றால் அ² − 2 இன்னொரு மூலம். ஒரு மூலம் கையில் இருந்தால் அதன் பல்லுறுப்பியாக மற்றதை எழுதிவிடலாம். அ பிறப்பாக்கும் எண்புலத்துக்குள்ளேயே (அதாவது அ ஐயும் விகிதமுறு எண்களையும் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுத்துக் கிடைக்கும் எண்களின் கூட்டத்துக்குள்ளேயே) மற்ற மூலங்களும் இருக்கின்றன என்று விரிவுரையாளர் சொன்னார். விளங்கியது.

அப்புறம் நானாக ஒன்றை எடுத்தேன்:

அ³ − 4அ + 1 = 0

மூலங்கள் 0.2541, 1.8608, −2.1149. மூன்றும் மெய்யெண்கள், முன்னையதைப் போலவே. அ = 0.2541 என்று வைத்து, ஆ = 1.861 ஐ அதன் பல்லுறுப்பியாக எழுதப் பார்த்தேன். கைபேசியில் ஒரு விரிதாள் போட்டு −50 முதல் 50 வரை எல்லாக் குணகங்களையும் ஓடவிட்டேன். கிடைத்தது இது:

ஆ = 4 + 2அ − 41அ²

போட்டுப் பாருங்கள், 1.861 வருகிறது. சந்தோசமாகத்தான் இருந்தது, ஆனால் 41 எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை. சரியா இது?


மாங்குளத்தான்
வெள்ளி, இரவு 9.30

தலைப்பில் ‘பிறப்பாக்கி’ என்று பார்த்து ஓடி வந்தேன் தம்பி. எனக்குத் தெரிந்த பிறப்பாக்கி மண்ணெண்ணெயில் ஓடும். கடையில் இரண்டு திருத்தத்துக்குக் கிடக்கிறது.

கணிதம் உயர்தரத்தோடு விட்டாச்சு. ஆனாலும் சொல்கிறேன், 1, 2, 3 என்று வருகிற இடத்தில் 41 வந்தால் யாரோ கணக்கை ‘ஒப்பேற்றி’ இருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் கடைக்கணக்கில் அப்படித்தான்.


பாலைப்பழம்
வெள்ளி, இரவு 10.05

மாங்குளத்தான் அண்ணை சிரிக்கச் சொன்னாலும் மூக்கு சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறது.

தம்பி, இன்னும் சில தசமதானம் சேர்த்துப் பாரும். அ = 0.254101688 என்று வைத்தால் 4 + 2அ − 41அ² = 1.860929. உண்மையான ஆ = 1.860806. நாலாம் தசமத்திலேயே பிரிந்துவிட்டது. மூன்று தசமத்தோடு நிறுத்தியதால்தான் உமக்கு ஒன்றாகத் தெரிந்தது.

ஏன் இப்படிக் கிடைத்தது என்பதையும் பாரும். அ இன் குணகத்துக்கு 101 தெரிவு, அ² இன் குணகத்துக்கு 101 தெரிவு. இரண்டும் சேர்த்துப் பத்தாயிரத்துச் சொச்சம். முழு எண் பகுதியை மாறிலி சரிக்கட்டிவிடும், மிச்சம் தசமப் பகுதி மட்டுமே பொருந்த வேண்டும். மூன்று தசமம் தற்செயலாகப் பொருந்த ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. ஆக, எந்த எண்ணைக் கொடுத்தாலும் உம்முடைய விரிதாள் சுமார் பத்து ‘விடை’ தரும். உம்முடைய கைபேசி இலக்கத்தின் கடைசி நாலு இலக்கத்தைக் கொடுத்தாலும் தரும்.

இதைவிடக் கூர்மையான சோதனை ஒன்று இருக்கிறது, அதற்குத் தசமமே அதிகம் தேவையில்லை. ஆ = 4 + 2அ − 41அ² என்பது உண்மை என்றால், அந்தக் கோவை அ³ − 4அ + 1 = 0 என்பதை மட்டும் நம்பி உண்மையாக இருக்கிறது. அந்தச் சமன்பாட்டுக்கு மூன்று மூலங்களும் ஒன்றுதான், எது எது என்று அதற்குத் தெரியாது. எனவே எந்த மூலத்தை உள்ளே போட்டாலும் வெளியே ஒரு மூலம்தான் வர வேண்டும். இப்போது 1.8608 ஐப் போடும்:

4 + 3.72 − 141.97 = −134 சொச்சம்.

மூலங்கள் மூன்றும் −3 க்கும் 3 க்கும் நடுவில் இருக்க, இது −134 இல் போய் நிற்கிறது.

உங்கள் வகுப்புக் கோவை அ² − 2 ஐ அதே மாதிரிச் சோதியும். 1.532 போட்டால் 0.347. 0.347 போட்டால் −1.879. −1.879 போட்டால் 1.532. அது அசல்.


வட்டக்கச்சித் தம்பி
வெள்ளி, இரவு 10.21

அக்கா, −134 பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. நன்றி.

அப்படியென்றால் சரியான குணகங்கள் பின்னமாக இருக்குமோ? 50 ஐத் தாண்டிப் போக வேண்டுமோ? அல்லது அப்படி ஒரு பல்லுறுப்பியே இல்லையோ? இல்லையென்றால் எப்படித் தெரியும்? தேடிக் கிடைக்கவில்லை என்பது இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாதே.


முள்ளியவளை மாஸ்டர்
சனி, காலை 5.48

கடைசி வரி நல்ல வரி, தம்பி. விடியற்காலையில் படித்தேன், பதில் எழுதிவிட்டுத்தான் தேத்தண்ணி.

இல்லை. எவ்வளவு பெரிய பின்னம் போட்டாலும் இல்லை. காரணம் சிறியதுதான்.

முதலில் அ³ − 4அ + 1 காரணிப்படாது என்று பார்த்துக்கொள்ளும். விகிதமுறு மூலம் இருந்தால் அது 1 அல்லது −1 ஆகவே இருக்க முடியும். 1 போட்டால் −2, −1 போட்டால் 4. இரண்டும் பூச்சியம் இல்லை. எனவே 1, அ, அ² மூன்றும் ஒன்றையொன்று சாராதவை. அ இன் புலத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணும் இந்த மூன்றின் விகிதமுறு கலவை, அதுவும் ஒரே ஒரு விதமாக. மூன்று பரிமாணம்.

இப்போது ஆ அந்தப் புலத்துக்குள் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூலங்களின் கூட்டுத்தொகை பூச்சியம், எனவே இ = −அ − ஆ. அதுவும் உள்ளே வந்துவிட்டது. மூன்றும் உள்ளே என்றால்

(அ − ஆ)(ஆ − இ)(இ − அ)

என்ற பெருக்கமும் உள்ளே. இதை வர்க்கித்தால் தன்மைகாட்டி. அ இன் குணகத்தை ப என்றும் மாறிலியை க என்றும் எழுதினால் அது −4ப³ − 27க². உம்முடைய சமன்பாட்டுக்கு 256 − 27 = 229.

229 முதன்மை எண். அப்போது √229 என்ற விகிதமுறா எண் அந்தப் புலத்துக்குள் இருக்க வேண்டும். √229 தானே ஒரு இரண்டு பரிமாணப் புலத்தைப் பிறப்பிக்கும். பெரிய புலத்தின் பரிமாணம் உள்ளே இருக்கும் சின்னப் புலத்தின் பரிமாணத்தால் மிச்சமின்றி வகுபட வேண்டும். மூன்றை இரண்டால் வகுத்துப் பாரும்.

வகுப்புக் கணக்கில் அது 108 − 27 = 81. வர்க்கமூலம் 9. வெறும் முழு எண். அது புலத்துக்குள் இருப்பதில் ஒரு தடையும் இல்லை. எங்கெங்கே தன்மைகாட்டி முழுவர்க்கமோ, அங்கே ஒரு மூலம் மற்ற இரண்டையும் கூட்டிக்கொண்டு வரும். காரணிப்படாத முப்படிச் சமன்பாடுகளுக்கு இதுவே போதும், இதுவே தேவையும்.

மூன்று மூலங்களும் மெய்யெண்ணாக இருப்பது ஒன்றுக்கும் உதவாது என்பதைக் கவனியும். 229 நேர் எண், அதனால் மூன்றும் மெய்யாக வந்தன. வர்க்கம் இல்லை, அதனால் ஒரே புலத்துக்குள் வரவில்லை. இரண்டும் வேறு வேறு சங்கதி. நீர் வழுக்கியது அங்கேதான்.


மாங்குளத்தான்
சனி, காலை 8.10

சேர், படித்தேன். முக்கால்வாசி விளங்கியது, அது எனக்கே ஆச்சரியம்.

இரண்டு கேள்வி. ஒன்று, ‘புலம்’ என்று நீங்கள் சொல்வது வயலா? எங்கள் பக்கம் புலம் என்றால் காணி, இல்லாவிட்டால் வெளிநாடு.

மற்றது, பல்லுறுப்பி பல்லுறுப்பி என்கிறீர்கள். புலம் என்றால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலும் உண்டுதானே? அப்போது 1/அ, (அ + 2)/(அ² − 5) எல்லாம் எங்கே போயின? அதையெல்லாம் விட்டுவிட்டுப் பல்லுறுப்பி மட்டும் போதும் என்பது எப்படி?


பாலைப்பழம்
சனி, காலை 8.44

அண்ணை, நீங்கள் உயர்தரத்தோடு விட்டது கணிதத்துக்கு நட்டம்.

தம்பியின் சமன்பாட்டையே பாருங்கள். அ³ − 4அ + 1 = 0. 1 ஐ மட்டும் ஒரு பக்கம் தள்ளினால்

அ(4 − அ²) = 1

அதாவது 1/அ = 4 − அ². கீழே இருந்த அ மேலே வந்து பல்லுறுப்பி ஆகிவிட்டது. 0.2541 ஐப் போட்டுப் பாருங்கள், 3.935 இரண்டு பக்கமும். எந்தப் பகுதியெண் கீழே இருந்தாலும், அது பூச்சியம் இல்லாதவரை, இப்படித் தூக்கி மேலே கொண்டுவரலாம். பள்ளிக்கூடத்தில் 1/(1 + √2) க்குக் கீழே இருந்த வர்க்கமூலத்தை அகற்றினோமே, அதே வேலைதான்.

புலம் வயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பிழையில்லை. நாலு பக்கமும் வரம்பு கட்டிய வயல். உள்ளே என்ன செய்தாலும் வரம்பைத் தாண்டாது.


நெடுங்கேணி டீச்சர்
சனி, பகல் 1.15

இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான். இன்று ஒரு முறைப்பாடு இருக்கிறது.

பயிற்சிக் கையேடு ஒன்று வாங்கினேன், யாருடையது என்று சொல்லவில்லை. அதில் கேள்வி: ‘ப = √2 + √3 எனின், √2 ஐ ப இன் பல்லுறுப்பியாக எழுதுக.’ விடைப்பக்கத்தில் √2 = (ப² − 1)/2ப என்று போட்டிருக்கிறார்கள். பெறுமானம் சரியாகத்தான் வருகிறது. ஆனால் இது பல்லுறுப்பி இல்லையே? ஒரு பிள்ளை கேட்டாள், எனக்கு உடனே சொல்ல வரவில்லை. ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்று சமாளித்துவிட்டு வந்தேன். அந்த நாளை இன்றைக்கு முடிகிறது.


பாலைப்பழம்
சனி, பகல் 2.02

டீச்சர், கையேடு பாதி வழியில் இறங்கிவிட்டது. வழி நல்ல வழிதான்.

அவர்கள் செய்திருப்பது இது. √2 ஐத் தெரியாத கணியமாக ய என்று வைப்போம். அது ய² − 2 = 0 ஐத் திருப்தி செய்கிறது. அதோடு √3 = ப − ய என்பதால் (ப − ய)² − 3 = 0 ஐயும் திருப்தி செய்கிறது. இரண்டாவதை விரித்தால்

ய² − 2பய + ப² − 3 = 0

இதிலிருந்து முதலாவதைக் கழித்தால் ய² போய்விடும். மிச்சம் −2பய + ப² − 1 = 0. ஆக ய = (ப² − 1)/2ப. இரண்டு பல்லுறுப்பிகளின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காண்கிற அதே வேலை. இரண்டு எண்கள் பிறப்பாக்கும் புலத்தை ஒரே எண்ணால் பிறப்பாக்கலாம் என்ற தேற்றத்தின் நிறுவலும் இந்த வழியாகத்தான் போகிறது, எனவே கையேடு எழுதியவருக்கு விசயம் தெரியும்.

இனி மாங்குளத்தான் அண்ணையின் கேள்வி. கீழே ஒரு ப நிற்கிறது. ப² = 5 + 2√6, எனவே (ப² − 5)² = 24, அதாவது

ப⁴ − 10ப² + 1 = 0

1/ப = 10ப − ப³. பெருக்குங்கள்:

√2 = (ப² − 1)(10ப − ப³)/2 = (11ப³ − ப⁵ − 10ப)/2

ப⁵ = 10ப³ − ப என்று மாற்றினால் √2 = (ப³ − 9ப)/2. அதுதான் விடை.

பிள்ளைக்கு வேறு வழியிலும் காட்டலாம், இது அவளுக்கு இன்னும் பிடிக்கும். ப ஐயும் ப³ ஐயும் விரித்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள்:

ப = √2 + √3
ப³ = 11√2 + 9√3

இரண்டு ஒருங்கமை சமன்பாடு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடத் தீர்க்கும். மேலதை 9 ஆல் பெருக்கிக் கழித்தால் 2√2. மேலதை 11 ஆல் பெருக்கி, கீழதைக் கழித்தால் 2√3. ஆக √3 = (11ப − ப³)/2. பெரிய புலங்களுக்கும் இதுவே வழி. அங்கே இரண்டு வரிக்குப் பதிலாக ஒரு தாயம் (எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய கட்டம்) வரும், அவ்வளவுதான்.


நெடுங்கேணி டீச்சர்
சனி, பகல் 2.20

ஒருங்கமை சமன்பாடு! அதை நான் ஏன் நினைக்கவில்லை. மிக்க நன்றி பிள்ளை.


மாங்குளத்தான்
சனி, மாலை 6.35

இப்போது எனக்கு ஒரு படம் வந்துவிட்டது. √2, √3, √6 எல்லாம் வாய்க்கால்கள். ப என்பது துருசு. துருசு ஒன்றைத் திறந்தால் எல்லா வாய்க்காலுக்கும் தண்ணி போகிறது. சரியா?


முள்ளியவளை மாஸ்டர்
சனி, இரவு 7.50

சரி. ஆனால் துருசு எங்கே வைக்கிறீர் என்பதில் இருக்கிறது தண்ணியின் தரம். டீச்சருக்கு வந்த விடையில் கீழே 2 நிற்பதைக் கவனித்தீரா? √2 உம் √3 உம் முழுமையான எண்கள் (முதல் உறுப்பின் குணகம் 1, மற்றவை முழு எண்கள் என்று வரும் சமன்பாட்டின் மூலங்களை அப்படிச் சொல்கிறேன்), அவற்றை எழுத அரை வேண்டியிருக்கிறது. ப நல்ல துருசு இல்லை. கலங்கித்தான் வருகிறது.

அதே புலத்துக்கு வேறொரு பிறப்பாக்கி: ம = (√2 + √6)/2. இது திருப்தி செய்வது

ம⁴ − 4ம² + 1 = 0

இப்போது √3 = ம² − 2. √2 = ம³ − 3ம. √6 = 5ம − ம³. ஒன்றிலும் பின்னம் இல்லை. ப இன் சமன்பாட்டுக்குத் தன்மைகாட்டி 147456, ம இன் சமன்பாட்டுக்கு 2304. முன்னையது பின்னையதைப் போல 64 மடங்கு, அதாவது 8 இன் வர்க்கம். முழு எண் குணகங்களோடு எழுதும் ப இன் பல்லுறுப்பிகள் இந்தப் புலத்தின் முழுமையான எண்களில் எட்டில் ஒரு பங்கைத்தான் தொடுகின்றன என்று அதற்குப் பொருள். ம இடம் விடுபடுவது ஒன்றுமில்லை.

இந்த ம யார் என்று பார்க்க ஆசையா? அது 2 கோசைன் 15°. இருமடங்குக் கோணச் சூத்திரத்தை இரண்டால் பெருக்கி எழுதிப் பாருங்கள்: 2 கோசைன் 30° = ம² − 2. மும்மடங்கு: 2 கோசைன் 45° = ம³ − 3ம. √3 உம் √2 உம் வந்து நிற்கின்றன. முப்பது வருசம் கோணச் சூத்திரம் படிப்பித்தேன், அது ஒரு எண்புலத்தின் கதை என்று ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. தம்பியின் வகுப்புக் கணக்கில் வந்த அ² − 2 உம் இதே இருமடங்குச் சூத்திரம்தான்: அங்கே மூலங்கள் 2 கோசைன் 40°, 80°, 160°.


வட்டக்கச்சித் தம்பி
சனி, இரவு 9.05

சேர், இது விரிவுரையில் வரவில்லை. அல்லது வந்த அன்று நான் பின்வாங்கில் இருந்தேன்.

அக்கா, கணினியில் இதைத் தேடித் தருகிற வழி உண்டா? என் விரிதாள் மாதிரி இல்லாமல், ஒழுங்காக.


பாலைப்பழம்
சனி, இரவு 9.40

உண்டு. பாரி என்று ஒரு மென்பொருள், பிரான்சின் போர்தோ நகரில் தொடங்கியது. பறம்புமலைப் பாரி போலவே இதுவும் இலவசம். அன்ட்ரொயிட் கைபேசியிலும் ஓடுகிறது. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் பேருந்தில் இருந்தே நான் பாதி வேலை செய்வது அதில்தான்.

உள்ளே இருக்கும் யோசனை 1982 இல் லென்ஸ்ட்ரா சகோதரர் இருவரும் லோவாசும் வெளியிட்டது. பெயர்களின் முதலெழுத்தை வைத்து எல்.எல்.எல் என்பார்கள். உம்முடைய விரிதாள் எல்லாக் குணகங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. இது அப்படித் தட்டாது. ஆ, 1, அ, அ² நாலையும் ஒரு சாலகமாக (ஒழுங்கான இடைவெளியில் நிற்கும் புள்ளிகளின் கட்டமாக) அமைத்து, அதில் மிகக் குட்டையான காவி (ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்பு) எது என்று நெருக்கிக்கொண்டு போகும். குட்டையான காவி என்றால் சின்னக் குணகங்கள். அதில் ‘லின்டெப்’ என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. லின்டெப் ‘இல்லை’ என்று சொல்லாது, கேட்டால் ஏதாவது தந்தே தீரும். வகுப்புச் சமன்பாட்டைக் கொடுத்தால் 38 இலக்கத் துல்லியத்திலும் 1, −2 என்று குட்டிக் குணகங்கள் வரும், துல்லியத்தை 100 ஆக்கினாலும் அதே குணகங்கள். 229 காரனைக் கொடுத்தால் நீள நீளமான குணகங்கள் வரும், துல்லியத்தைக் கூட்டக் கூட்ட அவையும் நீண்டுகொண்டே போகும். உம்முடைய 41 இன் பெரியப்பா பிள்ளைகள்.

குட்டிக் குணகம் வந்தாலும் அதோடு முடிந்தது என்று எண்ணக் கூடாது. கிடைத்த கோவையை மூலச் சமன்பாட்டில் போட்டு, அ³ = 3அ − 1 என்று குறைத்துக்கொண்டு போய், பூச்சியம் வருகிறதா என்று கையால் பார்த்தால்தான் நிறுவல். அ² − 2 க்கு அது மூன்று வரி.


மாங்குளத்தான்
சனி, இரவு 9.52

இடையில் மின்சாரம் போய்விட்டது, பிறப்பாக்கி போட்டுவிட்டு வந்தேன். மண்ணெண்ணெய்க்காரன்தான்.


முள்ளியவளை மாஸ்டர்
ஞாயிறு, காலை 6.10

கையால் பார்ப்பது என்று பிள்ளை சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது. இராமானுசன் பெயரால் வழங்குகிற சமன்பாடு:

∛(∛2 − 1) = ∛(1/9) − ∛(2/9) + ∛(4/9)

பார்த்தால் மந்திரம் மாதிரி. இந்த இழையில் பேசியதை வைத்து உடைத்துப் பார்ப்போம். கனமூலம் 2 ஐக் க என்க. க³ = 2. வலப்பக்கம் முழுவதிலும் ஒரு ∛9 கீழே நிற்கிறது, அதை இடப்பக்கம் தள்ளினால் கேள்வி இதுதான்: 9(க − 1) என்பது க இன் புலத்துக்குள்ளேயே ஒரு முழுக்கனமா? அப்படியென்றால் எந்தப் பல்லுறுப்பியின் கனம்? இராமானுசன் சொல்லும் விடை 1 − க + க².

சரிபார்ப்பது: (1 + க)(1 − க + க²) = 1 + க³ = 3. எனவே 1 − க + க² = 3/(1 + க). கனப்படுத்தினால் மேலே 27. கீழே (1 + க)³ = 1 + 3க + 3க² + 2 = 3(1 + க + க²). ஆக 9/(1 + க + க²). (க − 1)(1 + க + க²) = க³ − 1 = 1 என்பதால் அது 9(க − 1). முடிந்தது.

நாலு வரி, அதில் இரண்டு இடத்தில் கீழே நின்றதை மேலே கொண்டுவந்தது மாங்குளத்தாரின் கேள்விக்கு வந்த அதே பதில். சரிபார்க்க எங்களால் முடிகிறது. லின்டெப்பும் கைபேசியும் இல்லாத காலத்தில் 9 ஐப் போட்டுப் பெருக்க வேண்டும் என்று ஒருவருக்கு எப்படித் தோன்றியது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.


நெடுங்கேணி டீச்சர்
ஞாயிறு, காலை 9.30

இதை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறேன். ‘நாளைக்கு’ என்றதற்கு வட்டியும் முதலுமாக இருக்கட்டும்.


வட்டக்கச்சித் தம்பி
திங்கள், இரவு 10.40

இரண்டு நாள் வயலில் நாற்று வேலை, இன்றுதான் உட்கார்ந்தேன். தன்மைகாட்டி முழுவர்க்கமாக வரும் சமன்பாடு ஒன்றை நானே தேடி எடுத்தேன். இந்த முறை விரிதாள் இல்லை.

அ³ − 7அ + 7 = 0

தன்மைகாட்டி 1372 − 1323 = 49. வர்க்கமூலம் 7. ஆகவே ஆ உள்ளே இருக்க வேண்டும். ஊகிக்காமல் எடுத்த வழி இது: ஆ + இ = −அ என்று தெரியும். ஆ − இ தெரிந்தால் கூட்டிப் பாதி எடுத்துவிடலாம். மாஸ்டர் சொன்ன பெருக்கம் 7 (குறி எப்படியும் இருக்கட்டும்), அதை (அ − ஆ)(அ − இ) ஆல் வகுத்தால் ஆ − இ. அந்த வகுத்தி 3அ² − 7. ஆக

ஆ − இ = 7/(3அ² − 7)

கீழே நிற்பதை மேலே கொண்டுவரத்தான் ஒரு மணித்தியாலம் போனது. மூன்று தெரியாக் கணியம் வைத்து, பெருக்கி, அ³ = 7அ − 7 என்று குறைத்து, ஒருங்கமை சமன்பாடு தீர்த்தேன். முதல் முறை ஒரு குறி பிழைத்து, 49 கீழே வந்து நின்றது. 41 ஞாபகம் வந்து அழித்துவிட்டேன். இரண்டாம் முறை:

7/(3அ² − 7) = 6அ² + 9அ − 28

இதிலிருந்து

ஆ = 3அ² + 4அ − 14
இ = −3அ² − 5அ + 14

மூலங்கள் 1.3569, 1.6920, −3.0489. அ = 1.3569 போட்டால் ஆ = −3.0489. வருகிறது.


பாலைப்பழம்
திங்கள், இரவு 10.58

அருமை. ஒரு மூலத்தோடு நிறுத்தாமல் மற்ற இரண்டையும் போட்டீரா?


வட்டக்கச்சித் தம்பி
திங்கள், இரவு 11.20

போட்டேன் அக்கா. −3.0489 ஐ உள்ளே விட்டால் 1.6920. 1.6920 ஐ விட்டால் 1.3569. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. அம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறார், நாளை விடிய மற்ற வயலுக்குத் தண்ணி மாற வேண்டும்.